முன்பாரம்

"வேலைய முடிச்சு, கட்டையெல்லாம் எடுத்து அடுக்கி வெச்சுட்டு, அப்புறம் ஏதோ ஒரு நட்டு ஞாபகம் வந்து மறுபடியும் உள்ள பூந்திருப்பாப்ல. ஒரு நிமிச வேலைதானேன்னு நெனைச்சிருப்பாப்ல" என்று மரகதவல்லியிடம் முதன்முதலில் சொன்னவர் ஏட்டு வையாபுரி. அவர் அதை ஆறுதலுக்காகச் சொன்னாரா, எழுதவேண்டிய தாளில் எழுதுவதற்கு வசதியாக இருக்கிறதென்று சொன்னாரா என்பதை அவள் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. ஆனால் மகன் இறந்த இந்த எட்டு மாதமும் அந்த வாக்கியத்தின் மேல்தான் அவள் படுத்து எழுந்துகொண்டிருந்தாள். இப்போது, அவன்மேல் சரிந்த அந்த வண்டிக்குள்ளேயே, முன்பக்கத்துப் பெஞ்சில், முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கால்களுக்குக் கீழே, தரைப்பலகைக்கும் அடியில், பட்டறைக்காரர் செங்கோடன் மல்லாந்து படுத்து இரும்பைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அவர் வெளியே வரும்வரை அவள் அசையக்கூடாது.

அசையக்கூடாது என்று சொன்னவர் அவரேதான். காலையில் வந்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, கொண்டுவந்த பழைய லாரி டயர் இரண்டையும் அடியில் தள்ளி, கட்டைகளைப் பொருத்தி, கையால் உலுக்கிப் பார்த்த பிறகு, "டீச்சரம்மா, நீங்க முன்னால பெஞ்சுல ஏறி உக்கோந்துக்குங்க. நன்மாறன் தம்பி முன்னால இருந்த அடுப்பு மேடையக் கழட்டிப்போட்டுது பாருங்க, வண்டி பின்பாரமாப் போச்சு. மூக்கு தூக்கிக்கும். ஒரு முன்பாரம் வேணுமுங்க" என்றார். தன் எடை ஐம்பத்தெட்டுக் கிலோதான் என்று மரகதவல்லி சொன்னாள். "கனம் கெடக்கட்டுமுங்க, ஆடாம உக்கோரோணும். அதுக்கு டீச்சருதான் சரி" என்று சொல்லிவிட்டுக் கோணிச்சாக்கை விரித்து உள்ளே நழுவினார். மருமகள் பிரமிளா அதற்குச் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து மரகதவல்லி கேட்டது அபூர்வம் என்பதால், அந்தச் சிரிப்பு செங்கோடனின் பேச்சுக்கா, தான் உட்காரவைக்கப்பட்ட விதத்துக்கா என்று ஆராயாமல் விட்டாள். வண்டியைக் கட்டிச் சீர்செய்வதா, உடைத்து இரும்பு விலைக்குப் போடுவதா என்பதை இன்று அவள்தான் சொல்லவேண்டும். பணம் அவளுடைய ஓய்வுக்காலப் பணம். வண்டி நிற்கிற மனை அவள் பெயரில் இருக்கிற மனை. உடைத்துவிடுங்கள் என்று சொல்வதற்காகத்தான் அவள் காலையில் புடவையை மாற்றிக்கொண்டு வீட்டிலிருந்து இந்தக் கொட்டகைக்கு நடந்து வந்தாள். நடந்து என்றால் கிணற்றைத் தாண்டி, முருங்கையைத் தாண்டி, அவ்வளவுதான். சமையலறை ஜன்னலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தொலைவு.

கூப்பிட்டால் கேட்கும். அவன் கூப்பிடவில்லை. ஏற்காட்டில் காப்பித்தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் கப்பலில் தருவித்த கேரவன் வண்டி இது, காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு, அம்மா, உள்ளே கட்டில் இருக்கிறது, மேசை இருக்கிறது, முகம் கழுவும் பீங்கான் தொட்டிகூட இருக்கிறது என்று நன்மாறன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்த கையோடு இதை மாட்டுக்கொட்டகை ஒன்றிலிருந்து மீட்டுச் சங்ககிரிக்குக் கொண்டுவந்து சொன்னபோது, வெளியே அலுமினியத் தகடு பொத்திய இந்த முட்டைக்குள் மரச்சட்டம் எப்படி இருக்கிறதென்று தட்டிப் பார்த்தாயா என்று அவள் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம். இல்லை, கேட்டது சரிதான், கேட்டதனால் ஒன்றும் ஆகவில்லை, அவன் சிரித்தான், "நீயே தட்டிப் பார்த்து மார்க் போடு" என்றான். அதன்பிறகு அடியில் வேலையிருந்த ஒவ்வொரு நாளும் அவளைக் கூப்பிட்டான். அம்மா, கொஞ்சம் வந்து முன்னால் உட்காரு. அவள் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வந்து, இதே பெஞ்சில், இதே இடத்தில் உட்காருவாள். எட்டாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் நடத்திய பாடம்தான்: நடுவில் ஆதாரப்புள்ளி, ஒரு பக்கம் பளு, மறுபக்கம் திறன், முதல்வகை நெம்புகோல். அச்சு ஆதாரப்புள்ளி, பின்பக்கத்துக் கட்டிலும் அலமாரியும் பளு, ஓய்வுபெற்ற ஆசிரியை மரகதவல்லி திறன். அடியிலிருந்து அவன் குரல் வரும். அம்மா, தலைப்புச் செய்தி என்ன. அம்மா, மழை வருமா போட்டிருக்கிறதா. அவள் உரக்கப் படிப்பாள். முப்பத்தேழு வயது மகன் தரைக்கடியில் படுத்துக்கொண்டு தாய் செய்தி படிக்கக் கேட்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படி இருந்திருக்குமோ. அன்றைக்கு அவள் சமையலறையில் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. அவன் கூப்பிடவில்லை. ஒரு தகரம் சரிந்து விழுந்ததுபோல ஒரு சத்தம் மட்டும் வந்தது. எதையோ தவறவிட்டிருக்கிறான், அவனே எடுத்துவைப்பான் என்று நினைத்துக்கொண்டு அவள் முறத்தை மறுபுறம் திருப்பினாள்.

டங். டங். டொக். செங்கோடனின் சுத்தியல் ஓரிடத்தில் மந்தமாக ஒலித்தது. அந்த ஒலி செருப்பில்லாத அவள் உள்ளங்கால் வழியாக முழங்காலுக்கு ஏறியது. டங் என்றால் இரும்பு நன்றாக இருக்கிறது, டொக் என்றால் துரு தின்றுவிட்டது. தேறியது, தேறியது, தோற்றது. பலகை இடுக்கிலிருந்து ஓர் எறும்பு அவள் பாதத்தின்மேல் ஏறிக் கணுக்கால் எலும்பைச் சுற்றி நடந்தது. உதறினால் வண்டி ஆடுமோ. ஓர் எறும்புக்காக ஆடாது, அத்தனை டயரும் கட்டையும் இருக்கின்றன, அவளுக்குத் தெரியும், இருந்தாலும் உதறவில்லை. அன்றைக்கு டயர் இல்லை. கட்டை இல்லை. அதாவது, இருந்தன; இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன; கொட்டகைச் சுவரோரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்போடு விளிம்பு பொருந்தி. சேலத்திலிருந்து அவன் வாங்கிவந்த பழைய ரயில்பாதைக் கட்டைகள். அவற்றை அடியில் கொடுக்காமல் அவன் தலையை உள்ளே நீட்டி அவள் ஒருமுறையும் கண்டதில்லை. ஜாக்கியை நம்பாதே என்று இந்த ஊர் லாரிப் பட்டறைகளில் எல்லாரும் சொல்வதை அவன் அவளுக்கே திரும்பச் சொல்லியிருக்கிறான். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை, அம்மா. அப்படிச் சொன்னவன். ஆகவே ஏட்டு சொன்னது சரி. கட்டைகளைக் கொடுத்திருக்கிறான், வேலை முடிந்திருக்கிறது, கட்டைகளை எடுத்து அடுக்கியிருக்கிறான், ஜாக்கியை இறக்கப் போகும்போது ஒரு நட்டு. ஒரு நிமிட வேலை. அதற்காக மறுபடி கட்டைகளைச் சுமக்கவேண்டுமா, அதற்காக அம்மாவைக் கூப்பிடவேண்டுமா. வேறு எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வேலை முற்றும் முடிகிறவரை கட்டைகளை அங்கேயே போட்டுவைத்திருப்பான், இரண்டு நாள்கூடக் கிடந்திருக்கும், உயிர் பிழைத்திருப்பான். இந்த வீட்டில் எடுத்த பொருள் எடுத்த இடத்துக்குப் போய்விடும். அரிவாள்மணை, கத்தரிக்கோல், குடை, செருப்பு. குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் இந்த வீட்டில் யாரும் வாசலைத் தாண்டுவார்கள். அன்றைக்கும் அவனுடைய டம்ளர் கவிழ்ந்துதான் இருந்தது. அந்தப் பழக்கத்தை அவனுக்குக் கொடுத்தவள் அவள். அந்தப் பழக்கம்தான் அவனைக் கொன்றது என்றால், அதை அவளால் தாங்கிக்கொள்ள முடியும். விசித்திரம்தான், ஆனால் முடியும். எட்டு மாதமாகத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். தாங்க முடியாதது மற்றது.

மற்றது என்பது இதுதான்: எடுத்துப் பயன்படுத்தித் திரும்ப அடுக்கிய கட்டைகளும், அன்றைக்குத் தொடவே தொடாத கட்டைகளும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒழுங்கில்லாத வீட்டில் ஒரு பொருள் கிடக்கிற கிடையே நடந்ததைச் சொல்லிவிடும். அவள் வீட்டில் எதுவும் எதையும் சொல்லாது. அவன் அந்தக் கட்டைகளை அன்று எடுத்தானா, எடுக்காமலே உள்ளே போனானா. மறந்தானா, வேண்டாமென்று விட்டானா. அது நேர்ந்ததா, அவன் தேடிக்கொண்டதா. மேல்கட்டையின்மீது தூசி படிந்திருந்ததா என்று பார்த்திருக்கலாம். தூசி படிந்திருந்தால் தொடவில்லை, படியாமலிருந்தால் தொட்டிருக்கிறான், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அன்று ஓடிவந்த அக்கம்பக்கத்து ஆட்கள் வண்டியைத் தூக்குவதற்கு முதலில் கைவைத்தது அந்தக் கட்டைகளின்மேல்தான். யார் முதலில் எடுத்தது, மேல்கட்டை எப்படி இருந்தது என்று அவள் ஒவ்வொருவரிடமும் கேட்க நினைத்து, கேட்டால் ஏன் கேட்கிறாள் என்று அவர்கள் யோசிப்பார்களென்று அஞ்சி, இன்றுவரை ஒருவரிடமும் கேட்கவில்லை. கட்டைகளை எடுத்து அடுக்கிவைத்தான் என்று ஏட்டு வையாபுரி சொன்னாரே, அவர் வந்தபோது கட்டைகள் ஏது அடுக்கில்? யாரோ சொல்லக் கேட்டு அவர் சொன்னது. யாரோ சொன்னதை அவர் சொல்ல, அவர் சொன்னதை அவள் பிடித்துக்கொள்ள. அந்த வாய்விட்டு வாய் வந்த சொல்லின்மேல்தான் ஒரு குடும்பம் நிற்கிறது. அவன் கடைசி வாரத்தில் நன்றாக இருந்தான். நன்றாக என்றால், தினமும் சவரம் செய்துகொண்டான், இரண்டாம் தடவை சாம்பார் கேட்டான், மகள் கயலின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தான். அதற்கு முன்பு சில மாதங்கள் அவன் அப்படி இல்லை. முற்றத்தில் நின்று கிணற்றடிக் கல்லையே பார்த்துக்கொண்டிருப்பான், என்னடா என்றால் ஒன்றுமில்லை என்பான். பிறகு சரியாகிவிட்டான். சரியானதை நினைத்து அப்போது அவள் நிம்மதியடைந்தாள். இப்போது அந்த நிம்மதியைத்தான் அவளால் நினைக்க முடியவில்லை. ஏன் சரியானான்? தெளிந்ததனாலா, தீர்மானித்ததனாலா?

எதிர்ச் சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. மழைநீர் இறங்கிப் பழுப்பேறிய பலகையில், அவனுடைய கை, கோணாத கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது. மடித்துவைக்கிற சிறுகட்டில் ஒன்றின் வடிவம். கீல் வரவேண்டிய இடத்தில் புள்ளி, சங்கிலி வரவேண்டிய இடத்தில் புள்ளி. கயலின் நீளத்துக்குச் சற்று அதிகமாக விட்டிருந்தான். வளரும் பிள்ளை என்று கணக்கிட்டிருக்கிறான். அப்படியானால் அவன் அடுத்த வருடத்தை, அதற்கடுத்த வருடத்தை நினைத்திருக்கிறான். மரகதவல்லியின் மனம் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலேறியது. இதோ, இது சாட்சி, இதைவிட என்ன சாட்சி வேண்டும், சாகப்போகிறவன் மகளுக்குக் கட்டில் வரைவானா. வரைந்தது எப்போது? ஆடியிலா, ஐப்பசியிலா? தெளியாத மாதங்களுக்கு முன்பா, பின்பா? பென்சில் கோட்டுக்கு வயது தெரியாது. மனம் ஏறிய வழியே இறங்கிவந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்த மரத்தின் வாடை, எலிப்புழுக்கை வாடை, துருவின் புளிப்பு. கூரைமூலையில் தகடு பிரிந்து, அதன்வழியே ஒரு கீற்று வானம் தெரிந்தது. அவன் அந்த மூலையைத்தான் முதலில் அடைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அடைக்கவில்லை. கடைசியாக அடியில் அவனுக்கு என்ன வேலை இருந்தது? அச்சு வேலை முடிந்துவிட்டது என்று முந்தின நாள் அவனே சொன்னானே. சொன்னானா? முடிந்துவிட்டது என்றானா, முடிந்தமாதிரிதான் என்றானா? இரண்டுக்கும் இடையில் ஒரு நட்டு இருக்கிறது. அந்த ஒரு நட்டில் அவள் மகன் இருக்கிறான். அப்போதுதான் அவள் கவனித்தாள், சுத்தியல் சத்தம் நின்றுபோயிருந்தது.

நின்று எவ்வளவு நேரம்? அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காலுக்கடியில் காதுகொடுத்தாள். ஒன்றும் இல்லை. ஒரு காக்கை, தொலைவில் சேலம் சாலையில் ஒரு லாரி கியர் மாற்றுகிற முனகல், ஒன்றும் இல்லை. எழுந்து ஓடலாமா, எழுந்தால் முன்பாரம் போய்விடும், எழுந்ததனாலேயே நடந்துவிட்டால். உள்ளங்கை இரண்டும் பெஞ்சின் விளிம்பைப் பற்றிக்கொண்டன. "செங்கோடன்!" என்றாள். வகுப்பின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் அது. பத்து வருடமாக அவள் அதைப் பயன்படுத்தவில்லை. "செங்கோடன்!"

"இருக்கனுங்க, இருக்கனுங்க" என்று தரைக்கடியிலிருந்து குரல் வந்தது. "சட்ட ஜோப்புல பீடி தேடறனுங்க. படுத்துட்டு ஜோப்புல கைய உடறது அத்தன சுளுவா? நீங்க கூப்புட்டதுல எனக்குப் பழைய ஆறாங்கிளாசு ஞாபகமே வந்துபோச்சு. பீடிக்கு அடிக்க மாட்டீங்கல்லோ?"

"அங்கே பற்றவைக்காதீர்கள்" என்றாள் மரகதவல்லி. சொற்கள் ஒழுங்காகத்தான் வந்தன. அவளுடைய தொடைகள் மட்டும் தம்போக்கில் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கம் பெஞ்சுக்கும், பெஞ்சிலிருந்து பலகைக்கும், பலகையிலிருந்து இரும்புக்கும் போய்விடுமோ என்று அவள் இரண்டு முழங்கால்களையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

குரல் கேட்டுப் பிரமிளா வாசலுக்கு வந்தாள். வண்டியின் கதவு பின்பக்கமாக இருந்தது. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைக்கப்போனவளை, "ஏறாதே, நீ அங்கே ஏறினால் பின்பாரம்" என்று மரகதவல்லி தடுத்தாள். அவள் காலை இறக்கிக்கொண்டு நிலையைப் பிடித்தபடி வெளியே நின்றாள். திருச்செங்கோட்டு நூற்பாலை அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில் அந்தச் சாய்ந்த தரை, அதன் மேல் அவன் கழற்றிப்போட்ட ஆணிகள் நிறைந்த ஒரு டப்பா.

"ஏற்காட்டு விடுதிக்காரர் நேத்தும் போன் பண்ணினார் அத்தை. வண்டி ரெடியானா அவரோட விடுதியில நிறுத்திக்கறாராம். மாச வாடகை. எழுதிக் குடுக்கறேங்கிறார்."

"தரை முழுக்க உளுத்துப்போயிருக்கிறது. நீ அங்கிருந்து பார்க்கிறாய், உனக்குத் தெரியாது. இடதுபக்க மூலைச் சட்டம் விரலால் அழுத்தினால் மாவாக வருகிறது. பீங்கான் தொட்டி விரிசல். கூரை…"

"அத்தை, நீங்க மார்க் போடறதுக்கு வரல. முடிவு சொல்றதுக்கு வந்திருக்கீங்க."

அவள் இப்படியெல்லாம் பேசுகிறவள் அல்ல. பிரமிளா நிலையின் அலுமினியப் பட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, அடியில் இருப்பவருக்குக் கேட்காதபடி சொன்னாள்: "நீங்க என்ன நெனைச்சுட்டு உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் அத்தை."

"என்ன நினைக்கிறேன்?"

"வேண்டாம். சொன்னா அது சொன்னதாயிடும்." நகத்தில் வந்த தூளை ஊதித் தள்ளினாள். "அப்பா வண்டி வேல செய்யும்போது வண்டி சரிஞ்சிருச்சுன்னுதான் கயல்கிட்ட நான் சொல்லியிருக்கேன். அவ நம்பறா. வண்டிய இப்ப ஒடைச்சுப் போட்டோம்னா, ஏன் ஒடைச்சோம்னு அவ கேக்கமாட்டாளா? இன்னிக்கு இல்லீனா பதினெட்டு வயசுல கேப்பா. அப்பா ஆசையாச் செஞ்ச வண்டி, விபத்துல போயிட்டாரு, நாம கட்டி முடிச்சோம்னா அது ஒரு கதை. விபத்துல போனவரோட வண்டிய எதுக்குப் பாட்டி தேடிப் புடிச்சு ஒடைச்சாங்கன்னா, அது வேற கதை." பிறகு எப்போதும்போன்ற குரலில், "தண்ணி வேணுமா? பாட்டில்ல கொண்டுவந்து தூக்கிப் போடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் மரகதவல்லி. பிரமிளா போய்விட்டாள்.

அவளுக்கும் தெரியும். எட்டு மாதம் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பிள்ளைக்குத் தலைவாரி, அவளும் இதையேதான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். பக்கத்துப் பக்கத்து அறையில் படுத்து இருவரும் ஒருவரையொருவர் எழுப்பாமலிருக்கப் புரளாமல் கிடந்திருக்கிறார்கள். எறும்பு கணுக்காலில் கடித்தது. கடித்த இடம் சிறு நெருப்பாக விரிந்தது. அவள் அசையவில்லை. கீழே சுத்தியல் மறுபடியும் தொடங்கியது, டங், டங், அச்சுப்பக்கம், கெட்டியான ஒலி. அவள் உடைக்கச் சொல்ல வந்தது ஏன்? தரை உளுத்ததனாலா? உளுத்த தரையை மாற்றலாம், இந்த ஊரில் லாரிக்குப் பாடி கட்டுகிறவன் தெருவுக்குத் தெரு இருக்கிறான். பணத்தினாலா? பணத்தை வேறு எதற்கு வைத்திருக்கிறாள். மகனைக் கொன்ற பொருள் கண்ணில் படவேண்டாம் என்பதனாலா? அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னாள், எல்லாரும் தலையசைத்தார்கள். அது உண்மையில்லை. உடைத்துவிட்டால் கேள்வியும் உடைந்துபோகும் என்று எண்ணினாள். கேள்வி உடையாது, இந்தப் பெண் சரியாகச் சொல்லிவிட்டாள், உடைப்பதுதான் விடையாகிவிடும். ஒருவன் தன்னை மாய்த்துக்கொண்ட கயிற்றை யாரும் துவைத்துக் கொடியில் போடுவதில்லை. ஆனால் ஏணியிலிருந்து தவறி விழுந்தவன் வீட்டில் ஏணி இருக்கத்தான் செய்யும், மறுநாள் தேங்காய் பறிக்க அதில் வேறொருவன் ஏறுவான். இந்த வண்டி எது? அதை அவள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதைக் கண்டுபிடிக்க முடியாதென்றுதான் இவ்வளவு நாளாகத் தெரிகிறதே. சொல்லிவிட்டால் போதும். கட்டுங்கள் என்று சொன்னால் இது ஏணி. தரை போட்டு, சட்டம் மாற்றி, கூரைமூலையை அடைத்து, அந்தப் பென்சில் கோட்டின்படியே கீல் வைத்துச் சங்கிலி வைத்துக் கட்டில் இறக்கி, அதில் கயல் படுத்து, பாட்டி, இது எனக்கென்று அப்பா வரைந்ததா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லலாம். அந்த ஆமாம் பொய்யாக இருக்காது. ஒரு பொய்யில்லாத ஆமாம். அதைப் பிடித்துக்கொண்டு, அதன்பின் ஏட்டு சொன்னதை, அதன்பின் அந்த நட்டை. வேலை முடித்தான், அடுக்கினான், நினைவு வந்தது, ஒரு நிமிட வேலை. சொல்லச் சொல்ல அது நேராகிறது, வாய்ப்பாடு மாதிரி; வாய்ப்பாட்டை யாரும் ஒவ்வொரு முறையும் எண்ணிச் சரிபார்ப்பதில்லை. அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வெகுநாளைக்குப் பிறகு இறங்கி உட்கார இடம் பார்த்தது. அழுகை இல்லை. தூக்கம்போல ஒன்று. வெயில் நகர்ந்து, கூரைக் கீற்றிலிருந்து விழுந்த வெளிச்சம் அவள் மடியில் கிடந்தது.

"எறங்கிக்குங்க டீச்சரம்மா, நா வெளிய வந்துட்டேன்" என்று குரல் கேட்டபோது உடனே எழ முடியவில்லை. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆணி டப்பாவைத் தாண்டி, படியில் இறங்கினாள். செங்கோடன் முதுகெல்லாம் மண்ணாக நின்று, காதில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் காதிலேயே செருகிக்கொண்டார். பிரமிளா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றினாள்.

"அடிச்சட்டம் கல்லாட்ட இருக்குதுங்க. அச்சும் பழுதில்ல. பின்னால ஒரே ஒரு குறுக்குச்சட்டம் போயிருக்குது, அது ஒண்ணுமில்ல. மேல மரவேலதான் சோலி. தரை பூராப் புதுசு போடோணும், இடதுபக்கச் சட்டம் புதுசு, தகடு பாதி புதுசு. ஒடைச்சா இரும்புக் கடைக்காரனுக்குக் கொண்டாட்டம், கட்டுனா இன்னொரு முப்பது வருசத்துக்கு ஓடும். உங்க இஷ்டமுங்க. நீங்க சொல்றதுதான்."

பிரமிளா செம்பைச் சாய்த்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டுங்கள்" என்றாள் மரகதவல்லி. தன் குரல் தனக்கே தெளிவாகக் கேட்டது. "உள்ளே சுவரில் பென்சிலால் ஒரு கட்டில் வரைந்திருக்கிறது. அந்தப் பலகையை மாற்றினாலும் அளவு அதுவேதான். ஒரு நூல்கூடக் குறையக்கூடாது."

"அட, கொறையாதுங்க."

பிரமிளா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் வந்ததை மரகதவல்லி பார்க்காததுபோல், இடுப்பிலிருந்த பர்ஸை எடுத்து, "முன்பணம் எவ்வளவு தரவேண்டும்?" என்று கேட்டாள்.

"முன்பணமெல்லாம் எதுக்குங்க? பொருள் எடுக்கறப்ப குடுத்தாப் போதும். உங்க ஊட்டுல நா முன்பணம் கேப்பனா?" செங்கோடன் கையை உதறிக்கொண்டு, துண்டால் கழுத்தைத் துடைத்தார். "தம்பி மாதிரி ஒருத்தன் கெடைப்பானுங்களா, சொல்லுங்க அம்மிணி. அன்னிக்குக் காத்தால நா பட்டறைக் கதவே தொறக்கல. வந்து நிக்குது. உங்க முன்வாசக் கேட்டுக்கு எப்பவோ வெல்டிங் வெச்சனுங்களே, அந்தப் பாக்கி. எனக்கு மறந்தே போச்சு. சத்தியமா மறந்து போச்சு. அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்னேன். கேக்கல. இன்னிக்கே வாங்கிக்குங்கண்ணான்னு சிரிச்சுட்டே என்ற கையில திணிச்சுட்டு, டீகூடக் குடிக்காமப் போச்சு. அதுக்கப்புறம் மத்தியானம் சேதி வருது. மனசு ஆறலீங்க எனக்கு. யாருக்குங்க அந்தப் புத்தி வரும்?"

செம்பிலிருந்து தண்ணீர் விழுவது நின்றிருந்தது. கொட்டகைச் சுவரோரம் வெயில் பட்ட மண் மெல்ல உலர்ந்துகொண்டிருந்தது. பிரமிளா மாமியாரைப் பார்க்கவில்லை. மரகதவல்லியும் அவளைப் பார்க்கவில்லை. கேட்பதற்கு ஆயிரம் இருந்தது: அன்றைக்கே பாக்கியைத் தீர்த்துவிட ஏன் அவசரப்பட்டான், எப்படி வந்தான், நடந்தா, வண்டியிலா, முகம் எப்படி இருந்தது, சிரித்தான் என்றால் எந்தச் சிரிப்பு. அவற்றில் ஒன்றைக்கூட வாய்க்குக் கொண்டுவர முடியவில்லை. பதிலைத் தாங்கக்கூடிய ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியிருந்தது.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

செங்கோடன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நினைவுபடுத்திக்கொள்வதற்குச் சற்றே தலையைச் சாய்த்தார்.

"ஆயிரத்து நூத்தி எம்பது ரூவாயிங்க."